சிவப்புத் தகடா, கறுப்புத் தகடா?

சிங்கப்பூரில் எங்கள் வீட்டில் இதுவரை இரண்டே கார்தான். அப்பாவுடையது சிவப்பு எண் தகடு, அதாவது நெரிசல் இல்லாத நேரத்துக்கு மட்டுமான கார். வார நாளில் காலை 7 மணியிலிருந்து மாலை 7 வரை சாலையில் இறக்கக்கூடாது, இறக்கினால் அன்றைக்கு 20 வெள்ளி (டாலர்) கட்டவேண்டும். அந்த 20 வெள்ளிக்கு அவருக்கு மனசே வராது. அதனால் வெள்ளிக்கிழமை மாலை 6.50க்கே ஐந்து பேரும் அடுக்குமாடி புளோக் கீழே, ஏசி வேலை செய்யாத காருக்குள், மடியில் புளியோதரைத் தூக்கோடு வேர்த்து ஒழுக உட்கார்ந்திருப்போம். 7 அடித்ததும் ஏதோ விமானத்தைக் கிளப்புகிறவர் மாதிரி சாவியைத் திருப்புவார்.

எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூர் பாரு போவது இன்னொரு கூத்து. உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியைத் தாண்ட தொட்டியில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்கவேண்டும், எங்கள் முள்ளோ எவ்வளவு ஊற்றினாலும் பாதியைத் தாண்டாது. அதிகாரி எட்டிப் பார்ப்பதற்குள் அம்மா டாஷ்போர்டில் இரண்டு தட்டு தட்டுவார். முள் துள்ளி மேலே போகும்.

என்னுடையது கறுப்புத் தகடு. எந்த நேரமும் எடுக்கலாம், ஏசி ஜில்லென்று இருக்கும், முள் ஒழுங்காக நிற்கும். சொல்ல வேறு கதை இல்லை. சாலைக் கட்டணம் பிடிக்கும் ஈஆர்பி வளைவில் 'பீப்' சத்தம் கேட்கும்போதெல்லாம் மனைவி என்னைத் திரும்பிப் பார்ப்பதைத் தவிர.

வசதிக்கு இதுதான், சந்தேகமே வேண்டாம். சிரிப்புக்கு அது. சிஓஇயின் (கார் வைத்திருப்பதற்கான உரிமச் சான்றிதழ்) 10 வருடம் முடிந்து அப்பாவின் காரைத் திருப்பிக் கொடுக்கப் போன அன்று, அம்மா டாஷ்போர்டைக் கடைசியாக ஒருமுறை தட்டினார். முள் அசையவில்லை.