பழைய எம்பிசி வாங்கப்போறாக்கள் காசு போட முதல் இதை ஒருக்கா வாசியுங்கோ

கொஞ்சம் நீட்டாத்தான் வரும், குறை நினைக்காதேங்கோ. பீற் அடிக்கிறதுக்கெண்டு எம்பிசி மாதிரிப் பழைய சாம்பிளர் (சத்தத்தைத் துண்டு துண்டாப் பிடிச்சு வைச்சு, பாட் எண்ட சின்னக் கட்டையளில அடிச்சு வாசிக்கிற மெசின்) தேடுற ஆக்கள் யாழ்ப்பாணத்தில ஒரு பத்துப் பேர் இருந்தாலே பெரிசு, ஆனா அந்தப் பத்தில ஒராளாவது இந்த மனுசனிட்ட மாட்டுப்படாமத் தப்பினாக் காணும் எண்டுதான் எழுதுறன். பேர் போடேல்ல. போட்டா நாளைக்கு வேற பேரில வருவார்.

நான் வாங்கினது அகாய் எம்பிசி 2000 எக்ஸ்எல். ரெண்டு வருசம் சேர்த்த காசு. ரியூசன் குடுத்தது, கலியாண வீட்டு சவுண்ட் வேலைக்குப் போனது, அக்கா கனடாவில இருந்து பிறந்தநாளுக்கு அனுப்பினது எல்லாம் சேர்த்து 2 லட்சத்து 90 ஆயிரம். அப்பாவுக்கு நான் சொன்ன கணக்கு வேற, அது இப்ப வேண்டாம்.

"லப்ரொப் இருக்கேக்க என்ன விசருக்கு உந்தப் பெட்டி" எண்டு கேக்கிறாக்களுக்கு ஒரு வார்த்தை. 1987 இல வந்த இமு எஸ்பி 1200 எண்ட மெசின்ல மொத்தமாவே 10 செக்கன் சத்தம்தான் பிடிக்கலாம், அதிலயும் ஒரு சாம்பிள் 2.5 செக்கனுக்கு மேல போகாது. அடுத்த வருசம் மெசின் வடிவமைக்கிற ரொஜர் லின் அகாய்க்குச் செய்து குடுத்த எம்பிசி 60 இலயும் 13 செக்கன்தான். அதுக்குள்ளதான் நியூயோர்க் ஹிப்ஹொப் பொடியள் முழுப் பாட்டே கட்டினவங்கள். நிமிசத்துக்கு 33 சுத்துச் சுத்திற ரெக்கோட்டை 45 சுத்தில ஓடவிட்டுப் பிடிப்பாங்கள், 10 செக்கன் துண்டு ஏழரைச் செக்கனுக்குள்ள அடங்கீடும், பேந்து மெசினுக்குள்ள சுருதியை இறக்கிப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவாங்கள், அப்பிடி இறக்கேக்க வாற கரகரப்பைத்தான் இப்ப ஆக்கள் காசு குடுத்து பிளகின் எண்ட கொம்பியூட்டர் மென்பொருளில வாங்கிறாங்கள். மெமரி காணாம செய்த வேலை அது. எனக்கு அந்த வேலைதான் பிடிச்சது. அம்மப்பான்ர ரெக்கோட் பிளேயர் இப்பவும் ஓடுது, வீட்டில ஒரு பெட்டி நிறைய நாதஸ்வர தவில் கசற்றும் கிடக்கு. தெட்சணாமூர்த்தியின்ர தவில்ல ஒரு தீர்மானத்தை (முடிப்பு அடியை) எடுத்து மெசின்ல இருக்கிற 16 பாட் கட்டைக்கும் துண்டு துண்டாப் பிரிச்சு அடிச்சுப் பாக்கவேணும் எண்டது எத்தினையோ நாள் ஆசை.

சரி, விசயத்துக்கு வாறன். பேஸ்புக்கில ஒரு விளம்பரம், கொழும்பு ஆள், தமிழ்தான். "யப்பான் சாமான், புல்லி வேர்க்கிங், 32 எம்பி புல் மெமரி". இதே மொடல் மெசின் ஒண்டை இன்னொருத்தர் 2 லட்சத்து 40 க்குப் போட்டிருந்தவர், அது 2 எம்பி எண்டு நேர்மையா எழுதியிருந்தது. 2 எம்பி எண்டா மோனோவில 22 செக்கன் மாதிரித்தான் பிடிக்கலாம், ஸ்டீரியோ எண்டா அதில பாதி. 32 எண்டா மோனோவில ஆறு நிமிசம் தாண்டும். நான் அந்த 50 ஆயிரத்தைக் கூடக் குடுத்தது முழுக்க முழுக்க அந்த 32 எண்ட இலக்கத்துக்குத்தான்.

வட்ஸ்அப்பில கதைச்சன். நல்லாக் கதைச்சார், "தம்பி யாழ்ப்பாணமோ, எங்கட அம்மாவும் சாவகச்சேரிதான்" எண்டெல்லாம். வீடியோ கேட்டன், உடன அனுப்பினார். மெசினைப் போடுறார், பிளொப்பியைத் தள்ளுறார், லோட் பண்ணுது, ஒரு பீற் ஓடுது, பாட் எல்லாத்தையும் வரிசையா அடிச்சுக் காட்டுறார். சவுண்டும் நல்ல தடிப்பா இருந்தது. நான் அண்டைக்கே காசைப் பாங்குக்குப் போட்டன். மூண்டாம் நாள் விடிய அஞ்சரைக்கு இரவு பஸ்ஸில பாசல் வந்தது, மழைத் தூத்தலுக்க போய் எடுத்துக்கொண்டு வந்து மேசையில வைச்சிட்டு வயரைக் கையில எடுத்திட்டன், செருகேல்ல.

அப்பாதான் "பொறு, பின்னால பாத்தனியோ" எண்டவர். அவர் 90 மட்டும் காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையில எலக்ரீசனா இருந்தவர், எதைக் கண்டாலும் முதல் பின்பக்கம்தான் பாப்பார். பவர் வயர் செருகிற இடத்துக்குப் பக்கத்தில "செக்ட்" எண்டு ஒரு பச்சை ஸ்ரிக்கர். நகத்தால ஒரு ஓரத்தைக் கிளப்பினார். கீழ 100 வோல்ற் எண்டு கிடக்கு. எங்கட பிளக்கில வாறது 230. ஸ்ரிக்கரை அந்த இடத்தில ஒட்டினது தற்செயலோ வேணுமெண்டோ எண்டு இண்டைவரைக்கும் என்னால சொல்லேலாது, ஆனா யப்பான் சாமான் விக்கிற ஆளுக்கு 100 வோல்ற் தெரியாம இருக்குமோ? மெசேஜ் போட்டுக் கேட்டன். "நீங்கள் கேக்கேல்லையே தம்பி" எண்டார். அண்டைக்கே முழிச்சிருக்கவேணும். நான் போய் ஆறரை ஆயிரத்துக்கு ஸ்ரெப் டவுண் ட்ரான்ஸ்போமர் ஒண்டு வாங்கிக்கொண்டு வந்து சந்தோசமாப் போட்டன், விசரன்.

மெசின் ஓடினது, பொய் சொல்லக்கூடாது. ஆனா ஸ்கிரீன் வெளிச்சம் செத்துப்போச்சு, ரோச் அடிச்சுத்தான் எழுத்துப் பாக்கவேணும். சுத்திற வீல் ஒண்டு கூட்டினா மூண்டு கூடும். ரெக்கோட் பட்டனும் வேற நாலஞ்சு பட்டனும் முழுப் பெலத்தோட அமத்தினாத்தான் வேலை செய்யும். இதெல்லாம் இந்த வயசு மெசினுக்கு வாறதுதான், உள்ள இருக்கிற சின்ன சுவிச் தேயுறது. அதால நான் சாம்பிள் ஒண்டும் பிடிக்காம, கூட வந்த பிளொப்பியில இருந்த கிற்றை (ஆயத்தமாப் பிடிச்சு வைச்ச சத்தங்களை) மட்டும் நாலு நாள் அடிச்சுப் பாத்திட்டு, ரவுணுக்குள்ள ஒரு ரேடியோ ரிப்பெயர் கடையில குடுத்தன். ஒம்பது நாள் வைச்சிருந்தார். சுவிச் எல்லாம் மாத்தி, உள்ளுக்குத் தூசு ஊதித் துடைச்சு, 4500 எடுத்தார். பட்டன் எல்லாம் பஞ்சு மாதிரி.

அண்டு பின்னேரம் ரெக்கோட் பிளேயரைக் கொழுவி முதல் துண்டைப் பிடிச்சன். ரெண்டாவது பிடிச்சன். மூண்டாவதில மெமரி இல்லையெண்டு நிக்குது. மூண்டு துண்டும் சேர்த்து அரை நிமிசம் வராது. லோட் பக்கத்துக்குப் போய் ரோச் அடிச்சுப் பாத்தா, மிச்ச மெமரி கிட்டத்தட்டப் பூச்சியம்.

எனக்கு முதல் வந்த யோசினை என்ன தெரியுமோ? ரிப்பெயர்காரர் ரமை, அதுதான் மெமரி அட்டையை, கழட்டீட்டார். வேற யோசினையே வரேல்ல. கொழும்பு ஆளிட்ட போன் அடிச்சாலும் அவரும் அதைத்தான் சொன்னவர், "திறந்தவையிட்டப் போய்க் கேளுங்கோ தம்பி, நான் 32 தான் அனுப்பினனான், வீடியோவிலயே எல்லாம் ஓடினதுதானே" எண்டு. ஓம், ஓடினதுதானே எண்டு நானும் நம்பி மோட்டச்சைக்கிளை எடுத்துக்கொண்டு நேர கடைக்குப் போய் ரெண்டு மூண்டு சனம் நிக்கத்தக்கதாச் சத்தம் போட்டன். அந்த மனுசன் கையில இருந்த சோல்டரிங் அயனை ஸ்ராண்டில வைச்சிட்டு, "தம்பி, அது 72 பின் சிம் எண்ட பழைய ரம் அட்டை. பெண்டியம் காலத்துக் கொம்பியூட்டருக்குப் போட்டது. அதை எடுத்து இப்ப நான் ஆருக்கு விக்கிறது" எண்டு மட்டும் கேட்டவர். எனக்கு அது விளங்கவே இல்லை. விளங்கிற நிலையில நான் இல்லை.

இரவு நித்திரை வரேல்ல. பழைய வீடியோவைத் திரும்பப் போட்டுப் பாத்தன், போனில வெளிச்சத்தை முழுசாக் கூட்டி, பிளொப்பி லோட் ஆகிற இடத்தில நிப்பாட்டி, ரெண்டு விரலால பெருப்பிச்சு. ஸ்கிரீன் மங்கல்தான், எண்டாலும் ப்ரீ எண்டு மிச்ச மெமரி காட்டுற இடத்தில இலக்கம் தெரியுது. அது கே, அதாவது கிலோபைற், கணக்கில காட்டும். 32 எம்பி எண்டா முப்பதாயிரத்துச் சொச்சம், அஞ்சு இலக்கம் நிக்கவேணும். அங்க நிண்டது நாலு. முதலாவது 1. எண்ணிப்பாத்தன், திரும்ப எண்ணிப்பாத்தன், தங்கச்சியை எழுப்பி அவளையும் எண்ணச் சொன்னன், அவள் ஏசிப்போட்டு "நாலு" எண்டிட்டுப் படுத்திட்டாள்.

அந்தக் கொழும்பு ஆளின்ர கெட்டித்தனம் இதிலதான், வடிவாக் கவனியுங்கோ. ஒரு பிளொப்பியில கொள்ளுறதே 1.44 எம்பி. அதில இருந்து என்னத்தை லோட் பண்ணினாலும் 2 எம்பிக்குள்ள வசதியா இருக்கும். அப்ப பீற் ஓடுறதைக் காட்டினா 32 இருக்கு எண்டதுக்கு அது என்ன சாட்சி? ஒரு சாட்சியும் இல்லை. நான் பீற்றைக் கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு இருந்திருக்கிறன், இலக்கம் கண்ணுக்கு முன்னாலயே நிண்டிருக்கு, அதுவும் காசு போட முதலே என்ர போனுக்கு வந்திட்டுது.

அந்தப் படத்தை வெட்டி அவருக்கு அனுப்பினன். நீலச் சரி விழுந்திட்டுது, ரெண்டு நாள் பதில் இல்லை. பேந்து ஒரு வொய்ஸ் வந்தது, இதைத்தான் என்னால மறக்கேலாது, சிரிச்சுக்கொண்டே சொல்றார்: "உங்கட பீற் ஆக்களுக்குக் குறைஞ்ச மெமரியிலதானே தம்பி கிக்கு, பழைய ஆக்கள் 10 செக்கன்ல செய்யேல்லையோ." எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரிஞ்ச கதையை என்ர காசில எனக்குச் சொல்லிக் காட்டுறார். 10 செக்கனுக்க நிண்டு செய்யிறது என்ர விருப்பம் ஐயா, 50 ஆயிரம் வாங்கினது உங்கட விருப்பம், ரெண்டும் ஒண்டோ? அதுக்குப் பிறகு புளொக் பண்ணீட்டார். பொலிசுக்குப் போகலாமோ எண்டு ஒரு சட்டம் படிக்கிற நண்பனிட்டக் கேட்டன், ரசீது இருக்கோ எண்டான், பாங்கு சிலிப் மட்டும்தான் எண்டன், அதில "மெசின்" எண்டு மட்டும் எழுதியிருக்கு. 32 எண்டு எழுதியிருந்த விளம்பரத்தை அவர் அழிச்சிட்டார், நான் ஸ்கிரீன்சொட் எடுத்து வைக்கேல்ல.

வாங்கிற எண்ணத்தில இருக்கிறாக்கள் வீடியோ கேக்கேக்க பாட்டைப் போட்டுக் காட்டச் சொல்லாதேங்கோ. மெசினை நிப்பாட்டி, திரும்பப் போட்டு, ஒண்டும் லோட் பண்ணாம, அந்த லோட் பக்கத்தை மட்டும் கிட்டப் பிடிச்சுக் காட்டச் சொல்லுங்கோ, நிப்பாட்டினா ரமில இருக்கிறதெல்லாம் போயிடும், அப்ப முழு அளவும் ப்ரீயாத் தெரியும். பின்னால இருக்கிற வோல்ற்றையும் ஸ்ரிக்கர் இல்லாமக் காட்டச் சொல்லுங்கோ. ஆள் "நாளைக்கு, நாளைக்கு" எண்டு இழுத்தா விட்டிடுங்கோ. விளம்பரத்தைப் படமெடுத்து வையுங்கோ.

ரிப்பெயர் கடைக்குத் திரும்பப் போறதுக்கு எனக்கு ஒரு கிழமை எடுத்தது. போய் நிண்டு, வீடியோவைக் காட்டி, பிழை என்ர பக்கம் எண்டன். அவர் ஆற்றையோ ரேடியோ ஒண்டைக் குடைஞ்சுகொண்டு இருந்தவர், நிமிரேல்ல. கனநேரம் கழிச்சு "16 எம்பி சிம் ரெண்டு, ஒரே சோடியாப் பாத்து எடும். வந்தாக் கொண்டுவாரும், போட்டுத்தாறன்" எண்டார். வெளிநாட்டில இருந்து ஓடர் பண்ணியிருக்கிறன், இன்னும் வந்து சேரேல்ல. அதுமட்டும் இருக்கிற 22 செக்கனுக்கதான். தவில் கிடக்கிறது கசற்றில, அதை ரெக்கோட் மாதிரி 45 இல ஓடவிடேலாது, அதால ஒவ்வொரு தவில் சொல்லாப் பிடிச்சு வாலை வெட்டி வெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறன். கரண்ட் போக முதல் பிளொப்பியில சேவ் பண்ணோணும், அது ஒரு கர் கர் எண்டு இழுக்கும்.

போன கிழமை அதே ஆள் வேற புறொபைல்ல இன்னொரு மெசின் போட்டிருக்கிறார். அந்தப் பச்சை ஸ்ரிக்கர் அப்பிடியே இருக்கு, 32 எம்பி எண்டுதான் எழுதியிருக்கு, வீடியோவில ஸ்கிரீன் பக்கம் கையால மறைஞ்சு போயிருக்கு. ஆராவது கதைச்சுக்கொண்டு இருந்தா காசு போட முதல் எனக்கு இன்பொக்சில வாங்கோ, அந்த நாலு இலக்கப் படத்தை அனுப்புறன்.