பாக்கெட் பிகாச்சு கலர்: வெயிலில் மட்டும் பார்க்க வேண்டிய திரை

நிண்டெண்டோவின் பழைய கையடக்கப் பொம்மையான பாக்கெட் பிகாச்சு கலரை வாங்க நினைப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெயரில் இருக்கும் அளவுக்குத் திரையில் கலர் இல்லை. நிறங்கள் சொற்பம், அவையும் வெளிறிப்போனவை. திரைக்குப் பின்னால் விளக்கும் கிடையாது. 1996இல் வந்த காசியோ சிஎஃப்எக்ஸ்-9850ஜி கால்குலேட்டரில் கிராஃப் வரைந்தவர்களுக்கு இந்தச் சோகை பிடித்த நிறங்கள் பழகியவையாக இருக்கும்.

டோக்கியோவின் நகானோ பிராட்வே வணிக வளாகத்தில் ஒரு கடையின் கண்ணாடிப் பெட்டியில் இதைப் பார்த்தேன். டியூப்லைட் வெளிச்சத்தில், திரையில் வாழும் போகிமான் பாத்திரமான பிகாச்சு இருக்கும் இடமே சரியாகத் தெரியவில்லை. கொஞ்சம் சாய்த்தால் ஒரு நிறம், இன்னும் சாய்த்தால் வேறொன்று. ஆனாலும் 6,000 யென் கொடுத்து வாங்கிவிட்டேன். தெருவுக்கு வந்து வெயிலில் பிடித்ததும் படம் பளிச்சென்று நின்றது.

இது இடுப்பில் மாட்டிக்கொண்டு நடப்பதற்கான பொம்மை. உள்ளே காலடி எண்ணும் கருவி இருக்கிறது. 20 காலடிக்கு 1 வாட், அதாவது ஒரு புள்ளி. சேர்த்த வாட்டைப் பிகாச்சுவுக்குக் கொடுத்தால் அன்பு கூடும், கண்டுகொள்ளாமல் விட்டால் முறைத்துக்கொள்ளும். தமகோச்சி என்ற டிஜிட்டல் செல்லப்பிராணிப் பொம்மை மாதிரி செத்துப்போய் மனதைக் கலங்கடிக்காது. வெளியே நடக்கும்போது பார்க்கிற திரைக்கு வெயிலே போதும். படுக்கையில் படுத்தபடி பார்க்க நினைத்தால்தான் எரிச்சல் வரும். உட்கார்ந்த இடத்திலேயே ஆட்டி ஆட்டி வாட் சேர்க்கவும் முடியும். அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன்!

1999இல் போகிமான் கோல்டு, சில்வர் விளையாட்டுகளுக்குத் துணையாக வந்த கருவி இது. சேர்த்த வாட்டை இன்ஃப்ராரெட் வழியாக அனுப்பினால் விளையாட்டுக்குள் பரிசுப் பொருள் கிடைக்கும். அதற்கு நிண்டெண்டோவின் கையடக்க விளையாட்டுக் கருவியான கேம் பாய் கலரேதான் வேண்டும். அடுத்து வந்த கேம் பாய் அட்வான்ஸில் அந்த விளையாட்டு கார்ட்ரிட்ஜ் ஓடும், ஆனால் இன்ஃப்ராரெட் இல்லாததால் பரிசு வராது. பழைய கார்ட்ரிட்ஜின் உள்பேட்டரி செத்திருந்தால் விளையாட்டு சேமிப்பில் நிற்காது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் வண்ணத்திரைத் தமகோச்சியான பிளஸ் கலர் 2008இல்தான் வந்தது. என்னிடம் அதுவும் உண்டு. திரை இதைவிடப் பல மடங்கு தெளிவு, ஆனால் இரண்டு டிரிபிள் ஏ பேட்டரிகளை அது தின்னும் வேகத்தைப் பார்த்தால் அலமாரியிலேயே இருக்கட்டும் என்று தோன்றிவிடும். நிண்டெண்டோவே 2009இல் ஹார்ட்கோல்டு, சோல்சில்வர் என்ற போகிமான் விளையாட்டுகளுடன் கொடுத்த காலடி எண்ணும் கருவியான போக்கேவாக்கரில் நிறத்தைக் கைவிட்டுக் கறுப்பு வெள்ளைக்குத் திரும்பிவிட்டது. அதே 20 காலடிக் கணக்கு, படிக்க எளிதான திரை. புத்திசாலித்தனமான முடிவுதான், இருந்தாலும் சேகரிப்பவனுக்கு அதில் சுவாரசியம் குறைவு.

வாங்கும்போது பேட்டரி மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். உள்ளே பச்சை படிந்திருந்தால் வேண்டாம். அப்புறம் ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பாருங்கள். நிறம் மங்கல் என்பது அதன் பிறவிக் குணம், அதற்காக விலை பேச முடியாது. கோடு கோடாகப் படம் விடுபட்டாலோ மூலையில் கறை பரவியிருந்தாலோ அது வயதின் கோளாறு. அப்படிப்பட்டதைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன்.