மீன் தொட்டி நத்தைகள்: சில வருஷம் மல்லுக்கட்டிய பிறகு எழுதுவது

தொட்டியில் ஒரு நத்தைகூட இருக்கக்கூடாது என்ற எண்ணத்தோடு படிக்க வந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அது நடக்காது. எல்லாவற்றையும் கொட்டிக் கழுவி, மணலை வெயிலில் காயவைத்து, செடிகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஆரம்பித்தால் நடக்கலாம். மற்றபடி எண்ணிக்கையைக் குறைத்து அப்படியே பிடித்து வைக்கலாம், அவ்வளவுதான். என்னுடையது இரண்டடி தொட்டி, 55 லிட்டர் போலத் தண்ணீர் பிடிக்கும். உள்ளே கப்பி மீன், கொஞ்சம் கோரி மீன் (தரையில் மேயும் குட்டிக் கெளுத்தி), ஜாவா பாசி, நாடா போல இலை நீளும் வாலிஸ்னேரியா செடி. வீடு மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துக் குளுவாங் பக்கம், வாசலைத் தாண்டினால் செம்பனைத் தோட்டம்.

ஊரைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே ஹீட்டர் இல்லாமலே தண்ணீர் பெரும்பாலும் 27, 28 டிகிரிக்குக் குறையாது. குளிர் நாட்டுக்காரர்கள் "மெதுவாகத்தான் பெருகும்" என்று சொல்வதை நம்பி உட்கார்ந்திருந்தால், ஒரு மழைக்காலம் முடிவதற்குள் கண்ணாடி முழுக்கப் புள்ளி புள்ளியாகிவிடும்.

எந்த நத்தை என்று பார்ப்பதுதான் முதல் வேலை. மெல்லிய ஓடு, பழுப்பு நிறம், கூர்முனையை மேலே வைத்துப் பார்த்தால் வாய் இடது பக்கம் திறந்திருக்கிறதா, அது பிளாடர் நத்தை. தட்டையாகச் சுருண்டிருப்பது ராம்ஸ்ஹார்ன். இவை இரண்டும் இலையடியிலும் கண்ணாடியிலும் ஜெல்லி போல முட்டை வைக்கும். ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமாக இருப்பதால் ஒன்றே ஒன்று உள்ளே வந்தாலும் வம்சம் வளர்ந்துவிடும். மூன்றாவது நீளமாகக் கூம்பு வடிவில் இருப்பது. உலகம் முழுக்க மீன் வளர்ப்பவர்கள் அதை மலேசியன் டிரம்பெட் என்கிறார்கள், ஆனால் ஆப்பிரிக்காவிலிருந்து ஆசியா வரை பல நாடுகளில் இயற்கையாகவே இருக்கிற நத்தை அது. முட்டை வைக்காது, நேராகக் குட்டி போடும், அதற்கு ஆண்கூடத் தேவையில்லை. பகலெல்லாம் மணலுக்குள் இருக்கும். விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள், அப்போதுதான் உண்மையான கணக்கு தெரியும்.

இனி நான் செய்து பார்த்தவை. தொட்டிக்காரர்கள் எல்லோரும் சொல்லும் வெள்ளரிக்காய் வைத்தியம் உண்மையிலேயே வேலை செய்கிறது. ஒரு துண்டை வெந்நீரில் லேசாக வாட்டி, மிதக்காமல் இருக்க முள்கரண்டியில் குத்தி, இரவு படுக்கப்போகும் முன் உள்ளே போட வேண்டும். விடிந்ததும் விளக்குப் போடாமல் அப்படியே தூக்கினால் நத்தைகள் கொத்தாக ஒட்டியிருக்கும். நேரமானால் துண்டு கரைந்து தண்ணீர் கலங்கும், அதனால் காலையில் எடுக்க மறக்கிறவர்கள் இந்தப் பக்கம் போகாதீர்கள். ஆனால் இது களையெடுப்பு மாதிரிதான். பெரியவை வரும், முட்டைகள் அங்கேயே இருக்கும், விட்டால் திரும்பவும் வரும்.

பெரிய மாற்றம் தீனியைக் குறைத்த பிறகுதான் வந்தது. வீட்டில் அதுதான் கஷ்டமான வேலையும். அப்பா தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தொட்டியைத் தாண்டும்போதெல்லாம் ஒரு சிட்டிகை போடுவார். கேட்டால், "வாயைத் திறந்துகிட்டு நிக்குது பாருப்பா, பாவம்" என்பார். கப்பி எப்போதும் வாயைத் திறந்துகொண்டுதான் நிற்கும் என்று சொல்லிப் பார்த்தாயிற்று. கடைசியில் தீனி டப்பாவை அலமாரிக்கு மாற்றி, நாளைக்கு ஒரு தடவை, இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவு, வாரத்தில் ஒரு நாள் விரதம் என்று வைத்தோம். இரண்டு மூன்று மாதத்தில் கண்ணாடியில் முட்டை ஜெல்லி பார்ப்பதே அரிதாகிவிட்டது. மிச்சத் தீனியும் அழுகின இலையும் இல்லையென்றால் அவை அவ்வளவாகப் பெருகுவதில்லை. இதற்கு ஒரு காசும் செலவில்லை, அதனால்தானோ என்னவோ எந்தக் கடையிலும் இதைச் சொல்ல மாட்டார்கள்.

கடைகளில் தருவது மருந்து. பெரும்பாலும் செம்பு கலந்தது. என் மச்சான் ஊற்றினார். நத்தை செத்தது, மறுக்கவில்லை. ஆனால் அவ்வளவும் ஒரே நேரத்தில் மணலுக்குள் கிடந்து அழுகி, அமோனியா ஏறி, தண்ணீர் நாறி, மீன்கள் மேலே வந்து மூச்சு வாங்கின. இறால் ஒன்று மிஞ்சவில்லை, செம்பு என்றால் இறாலுக்கு விஷம். கோரி மாதிரி செதில் இல்லாத மீன்களும் தாங்காது. இத்தனைக்கும் டிரம்பெட் நத்தை ஓட்டின் மூடியை இழுத்துச் சாத்திக்கொண்டு நிறையவே பிழைத்துக்கொண்டது. மருந்து வழிக்கு நான் மதிப்பெண் கொடுக்க மாட்டேன்.

அப்புறம் நத்தை தின்னும் மீன்கள். கிளவுன் லோச் அழகு, கடையில் விரல் நீளம்தான் இருக்கும், வளர்ந்தால் ஒரு அடி. கூட்டமாக வேறு இருக்க வேண்டும். இரண்டடி தொட்டிக்கு அதை விற்கிறவரைத் தவுக்கே (முதலாளி) என்று மரியாதையாகக் கூப்பிடவே எனக்கு மனசு வருவதில்லை. பீ பஃபர் கேரளத்து ஆறுகளில் வாழும் குட்டி மீன், ஓர் அங்குலம் இருந்தால் அதிகம், நத்தையை ரசித்துத் தின்னும். கப்பி வாலையும் அதே ரசனையோடு கடிக்கும். தனித் தொட்டி இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

எனக்கு நிலைத்தது அசாசின் நத்தை. மஞ்சளும் கரும்பழுப்புமாக வரி போட்ட ஓடு, நம் தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்ததே, மணலில் புதைந்து கிடந்து மற்ற நத்தையைத் தேடித் தின்னும். ஒவ்வொன்றும் மூன்று வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன், ஐந்தாறு போதும். முதல் மாதம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும், ஏமாந்துவிட்டோம் என்று தோன்றும். பிறகு காலி ஓடுகள் தரையில் சேர ஆரம்பிக்கும். இதில் ஆண் பெண் தனித்தனி, முட்டையும் ஒவ்வொன்றாகத்தான் வைக்கும், அதனால் மெதுவாகவே பெருகுகிறது. கவனிக்க வேண்டியது, அலங்காரத்துக்காக வாங்கிய நல்ல நத்தைகளையும் இது விடாது. தண்ணீர் ரொம்ப அமிலமாக இருந்தால், காய்ந்த நாட்டு வாதுமை இலை நிறையப் போடுகிறவர்கள் தொட்டியில் அப்படித்தான் ஆகும், இதன் ஓடும் அரித்துப்போகும்.

புதுச் செடி வாங்கினால், அதில் ஒட்டி வரும் நத்தைக்குப் படிகாரம். கடையில் மலாயில் தாவாஸ் என்று கேளுங்கள். லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி கரைத்து இரண்டு மூன்று மணி நேரம் ஊறவைத்து நன்றாக அலச வேண்டும். முட்டை தப்பிக்கலாம், அதனால் இரண்டு வாரம் வாளியில் தனியாக வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொட்டிக்குள் விடுகிறேன். குளோரின் பிளீச்சில் முக்கும் வழியும் இருக்கிறது, கெட்டி இலையுள்ள அனுபியாஸ் செடி தாங்கும், பாசியும் வாலிஸ்னேரியாவும் போய்விடும்.

டிரம்பெட்டை நான் முழுசாக விரட்டவில்லை. மணலைக் கிளறிக் கொடுக்கிறது. அதைவிட, கரண்ட் போய் ஏர் பம்ப் நின்றால் கூட்டமாகத் தண்ணீர் மட்டத்துக்கு ஏறிவிடும், ஆக்சிஜன் குறைகிறது என்று எனக்கு அதிலேயே தெரிந்துவிடுகிறது.

பிடித்ததைத் தயவுசெய்து சாக்கடையிலோ ஆற்றிலோ போடாதீர்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த சிப்புட் கொண்டாங் எமாஸ் (தங்க ஆப்பிள் நத்தை) இங்கே நெல் வயல்களில் செய்யும் அட்டகாசம் போதும். வெறுங்கையால் நசுக்கவும் வேண்டாம், நத்தைகளில் ஒட்டுண்ணிகள் இருக்கும். நான் பையில் கட்டி ஃப்ரீசரில் ஒரு நாள் வைத்துவிட்டு, கறிவேப்பிலைச் செடி அடியில் ஆழமாகப் புதைக்கிறேன். ஃப்ரீசரில் வைப்பதில் அம்மாவுக்கு இன்னும் சம்மதம் இல்லை.