ஜின்னுக்குக் கடை பிட்டர்ஸா, வீட்டில் ஊறவைத்ததா?

கொழும்பிலிருந்து ஒரேஞ்ச் பிட்டர்ஸ் (தோல், வாசனைப் பொருட்களை மதுசாரத்தில் ஊறவைத்து எடுக்கும் கசப்புச் சாறு) எடுப்பிக்கலாமா, மட்டக்களப்புச் சந்தைத் தோடம்பழத் தோலிலேயே செய்யலாமா என்று இரண்டு நண்பர்கள் கேட்டார்கள். இரண்டையும் ஒரே கலவையில் பார்த்தேன்: 60 மில்லிலீற்றர் ஜின், சில சொட்டுப் பிட்டர்ஸ், கிளாஸ் நிறைய ஐஸ். 30 விநாடி கலக்கி வடித்தால் போதும். நம் ஊர் வெக்கைக்கு ஊற்றும் கிளாஸையும் முன்பே குளிரவைத்துவிடுங்கள்.

செலவு
கடை: முதலில் கையைக் கடிக்கும். சொட்டுக் கணக்கில் போவதால் மாதக்கணக்கில் வரும்.
வீடு: 40 சதவீத வொட்கா கொஞ்சம். தோல் எப்படியும் குப்பைக்குப் போவதுதான்.

சுவை
கடை: பெரும்பாலும் ஜென்ஷியன் என்ற மூலிகை வேரின் ஆழமான கசப்பு. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி.
வீடு: எனக்கு இதுதான் பிடித்தது. பிபிலைத் தோடம்பழத்தின் பச்சைத் தோலை, உள்வெள்ளையும் சிறிது சேர வருமாறு சீவுங்கள். கசப்பு அந்த வெள்ளையில்தான் இருக்கிறது. நன்றாகக் காயவைத்து, இரண்டு ஏலக்காய், ஒரு கராம்பு, கொஞ்சம் கொத்தமல்லி விதையோடு வொட்காவில் போடுங்கள். தினமும் குலுக்கி, இரண்டு கிழமையில் வடியுங்கள். கராம்பு ஒன்றைத் தாண்டினால் ஜின்னுக்கே உரிய ஜூனிப்பர் காயின் வாசமே அமுங்கிவிடும்.

ஆயுள்
இரண்டும் மதுசாரத்தில் இருப்பதால் அலமாரியிலேயே நிற்கும்.

சரி, எது யாருக்கு? இந்தக் கிழமையே விருந்தாளி வருகிறார் என்றால் கடைப் போத்தல். பொறுமை இருந்து, வாசமே பெரிது என்பவர் இன்றே தோலைக் காயப் போடலாம்.