1876 சரடோகாவா, 1921 சிகாகோவா: எது முதல்?

அமெரிக்க காலேஜ் தடகளத்துல முதல் நேஷனல் மீட் எதுன்னு கேட்டா பலரும் 1921ன்னுதான் சொல்வாங்க, ஆனா அதுக்கு 45 வருஷம் முன்னாடியே, 1876ல, நியூயார்க் மாநிலத்துல இருக்கற சரடோகால காலேஜ் பசங்க போட்டி போட்டு ஓடிட்டாங்க. அங்க மெயின் ஐட்டம் படகுப் போட்டிதான், அதுக்கு ஒட்டிக்கிட்டு வந்த சைடு டிஷ் மாதிரி ஆரம்பிச்சதுதான் இந்த ஓட்டமெல்லாம்! ஆனா வந்தது கிழக்குப் பக்க காலேஜுங்கதான்.

1921 ஜூன்ல சிகாகோ ஸ்டாக் ஃபீல்டுல நடந்தது அமெரிக்க காலேஜ் விளையாட்டுகளைப் பாத்துக்கற என்சிஏஏ அமைப்போட மீட், எந்த விளையாட்டுலயும் அவங்க நடத்துன முதல் சாம்பியன்ஷிப்பே அதான். இல்லினாய் யுனிவர்சிட்டி ஜெயிச்சது 20¼ பாயின்ட்ல. சமமா வந்தவங்களுக்கு பாயின்ட்டைப் பிரிச்சுக் குடுப்பாங்க, அதான் அந்தக் கால் பாயின்ட். வயசுல சரடோகா மூத்தது, ஆனா நேஷனல்ங்கற பேருக்கு என் ஓட்டு சிகாகோவுக்குத்தான்.