இந்தூர் பி.எல்-16 பீம்லைன்: நெல்மணிக்குப் பொருந்தும், செல்லின் உள்ளுறுப்புக்குப் பொருந்தாது

அம்பை 16 என்ற நெல் ரகத்தின் மணியில் இரும்பு எங்கே தங்குகிறது, துத்தநாகம் எவ்வளவு உள்ளே போகிறது? அரைத்து அமிலத்தில் கரைத்து அளந்தால் மொத்த அளவு மட்டுமே கிடைக்கும். இடம் தெரிய வேண்டுமானால் எக்ஸ் கதிர் ஒளிர்வு நுண்படம் எடுக்க வேண்டும்: மெல்லிய எக்ஸ் கதிரை மாதிரியின் மேல் புள்ளி புள்ளியாக ஓட்டி, ஒவ்வொரு தனிமமும் திருப்பி உமிழும் எக்ஸ் கதிரை அளப்பது. அதற்கு நெல்லைப் பக்கத்து ஆய்வகங்கள் விண்ணப்பிக்கக்கூடிய நல்ல இடம் இந்தூர் ராஜா ராமண்ணா மையத்தில் உள்ள இண்டஸ்-2 சிங்க்ரோட்ரானின் (எலக்ட்ரான்களைச் சுற்றவிட்டு வலிய எக்ஸ் கதிர் எடுக்கும் கருவி) பி.எல்-16 பீம்லைன், அதாவது அந்தக் கதிர் வந்து சேரும் ஆய்வு நிலையம்.

முதலில் எதற்கு ஆகாது என்று சொல்லிவிடுகிறோம். இங்கே கதிர்ப் புள்ளி சில மைக்ரான் அகலம். வேரின் புறணியையும் மையத்தையும், மணியின் அல்யூரோன் அடுக்கையும் மாவுப்பகுதியையும் அது தெளிவாகப் பிரித்துக் காட்டும். மைட்டோகாண்ட்ரியாவில் தாமிரம் உண்டா என்ற கேள்விக்கு நூறு நானோமீட்டருக்கும் குறைந்த புள்ளி வேண்டும். பிரான்சின் கிரனோபிள் சிங்க்ரோட்ரான் போன்ற இடங்களுக்குத்தான் போக வேண்டும். தவறான கேள்வியோடு விண்ணப்பித்து, கிடைக்கும் பீம் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கதிரின் ஆற்றல் வரம்பு 4 முதல் 20 கே.இ.வி. (கிலோ எலக்ட்ரான் வோல்ட்). ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றல்களில் ஒளிரும்; அணுவின் உள் ஓட்டிலிருந்து வருபவை கே-கோடுகள், அடுத்த ஓட்டிலிருந்து வருபவை எல்-கோடுகள். கந்தகம் முதல் நியோபியம் வரை கே-கோடுகளாலும், வெள்ளி முதல் யுரேனியம் வரை எல்-கோடுகளாலும் பார்க்கலாம். பாஸ்பரசும் மெக்னீசியமும் இந்தப் பட்டியலுக்கு வெளியே. ஆகவே மணி பாஸ்பரசைச் சேமித்து வைக்கும் பைட்டேட்டை நேரடியாகப் படமாக்க முடியாது.

இதன் உண்மையான பலம், ஆற்றலை நாமே தேர்ந்துகொள்ளலாம் என்பது. ஆர்சனிக்கின் கே-ஆல்ஃபா 10.54, ஈயத்தின் எல்-ஆல்ஃபா 10.55. வழக்கமான டிடெக்டரால் இவற்றைப் பிரிக்க முடியாது. ஆனால் ஆர்சனிக் தூண்டப்படுவது 11.87 கே.இ.வி.க்கு மேல், ஈயத்தின் இந்தக் கோடு தூண்டப்படும் எல்லையான எல்-3 விளிம்போ 13.04. கதிரை 12.5-இல் வைத்தால் ஆர்சனிக் மட்டும் ஒளிரும், ஈயம் பேசாமல் இருக்கும். ரோடியம் குழாய் வைத்த மேசைக் கருவியில் இந்த வசதி கிடையாது. இதற்காகவே இந்தூர் போகலாம்.

மாதிரியில்தான் பாதி வேலை. அது நம் ஊரிலேயே முடிந்துவிட வேண்டும்.

முற்றிய மணியை ஊறவைக்காதீர்கள். தண்ணீரில் கிடந்தால் பொட்டாசியம் கிளம்பிவிடும், மாங்கனீசும் இடம் மாறும். உலர்ந்தபடியே செராமிக் பிளேடால் குறுக்கே வெட்டலாம். சாதாரண எஃகு பிளேடு இரும்பு, குரோமியத் தடத்தை விட்டுப் போகும். படத்தில் கோடாகவே தெரியும். வேர், இலை என்றால் உடனே உறைய வைக்க வேண்டும். திரவ நைட்ரஜனில் நேராகப் போட்டால் திசுவைச் சுற்றி வாயுப்படலம் உருவாகிக் குளிர்ச்சி மெதுவாகும். பனிப்படிகம் வளர்ந்து செல்சுவரைக் கிழிக்கும். நைட்ரஜனால் குளிர்வித்த ஐசோபென்டேனில் முக்குவதே சரி. பிறகு கிரையோமைக்ரோடோமில் (உறைந்த திசுவை மெல்லிய சீவலாக வெட்டும் கருவி) மைனஸ் 20 டிகிரி வாக்கில் 20 முதல் 30 மைக்ரான் தடிமனில் வெட்டி, உறைநிலையிலேயே உலர்த்துங்கள்.

தடிமனை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம் என்றால், கதிருக்கு மாதிரி 45 டிகிரியில் சாய்ந்து நிற்கும். கதிர் சாய்வாகவே உள்ளே நுழைவதால், 50 மைக்ரான் தடிமனுக்குப் பக்கவாட்டில் ஏறத்தாழ 50 மைக்ரான் நகர்ந்துதான் வெளியே வரும். கதிர்ப் புள்ளி 5 மைக்ரானாக இருந்தும் படம் மங்குவதற்குக் காரணம் இதுதான். பழியைக் கருவியின் மேல் போடக் கூடாது.

வளர்ப்புச் செல்களுக்கு சிலிக்கான் நைட்ரைடு சன்னல் (செல்லைத் தாங்கும் மிக மெல்லிய படலம்) நல்லது. பாஸ்பேட் கரைசலில் கழுவி அப்படியே உலர்த்தினால் உப்புப் படிகம் செல்லை மூடிவிடும். கடைசிக் கழுவல் 100 மில்லிமோலார் அம்மோனியம் அசிடேட்டில் இருக்கட்டும், உலர்த்தும்போது அது ஆவியாகிவிடும். ஃபார்மால்டிஹைடில் பதப்படுத்தினால் பொட்டாசியம் ஒழுகிவிடும், துத்தநாகத்தையும் நம்ப முடியாது. கண்ணாடி ஸ்லைடு வேண்டவே வேண்டாம், அதிலேயே கால்சியம், இரும்பு, ஸ்ட்ரான்சியம் இருக்கின்றன.

நம் மண்ணுக்கென்று ஒரு எச்சரிக்கை. தேரிச் செம்மணலில் இல்மனைட் என்ற இரும்பு-டைட்டானியக் கனிமம் உண்டு. வேரில் ஒட்டிய ஒரு தூசி போதும், இரும்புப் படத்தில் பளிச்சென்று ஒரு புள்ளி விழும். அதே இடத்தில் டைட்டானியப் படத்தையும் பாருங்கள். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருந்தால் அது மண், செடியின் இரும்பு அல்ல.

கார் அறுவடை முடிந்ததும் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். அந்த ஈரத்தில் உலர்ந்த வெட்டு நீரை உறிஞ்சி, பொட்டாசியம் மறுபடி பரவும். சிலிக்கா ஜெல் போட்ட இறுகிய டப்பாவில், பெட்டியின் நடுவில் வைத்துக் கையோடு கொண்டுபோங்கள்.

அங்கே போனதும் நுண்படத்தில் குதிக்காதீர்கள். 2 மில்லிமீட்டருக்கு 1 மில்லிமீட்டர் பரப்பை 50 மைக்ரான் அடியில் ஓட்டினால் 800 புள்ளிகள்தான். புள்ளிக்கு ஒரு நொடி என்றால் கால் மணி நேரம். அதே பரப்பு 10 மைக்ரானில் 20,000 புள்ளிகள், ஐந்தரை மணி நேரத்துக்கு மேல், மோட்டார் நகரும் நேரம் தனி. முரட்டுப் படத்தில் முளையும் அல்யூரோனும் எங்கே என்று பார்த்து, அங்கே மட்டும் நெருங்குங்கள். எலும்பு, மீன் செதிள் போன்ற கால்சியம் நிறைந்த மாதிரியில் டிடெக்டர் திணறும். டெட் டைம் (டிடெக்டர் எண்ண முடியாமல் விடும் நேரம்) 20 சதவீதம் தாண்டினால் டிடெக்டரைப் பின்னுக்கு இழுத்துவிடுங்கள். கதிரின் வலிமை நேரத்தோடு குறைவதால், ஒவ்வொரு புள்ளியையும், உள்ளே வரும் கதிரை அளக்கும் அயனியறையின் எண்ணிக்கையால் வகுக்க மறந்தால் படம் மேலிருந்து கீழாக மங்கிப் போகும்.

ஊருக்கு வந்தபின் வேலை பைஎம்சிஏ (PyMca) என்ற நிறமாலை மென்பொருளில். இலவசம், சாதாரண மடிக்கணினியில் ஓடும். நிறமாலை உச்சியைச் சுற்றிப் பட்டை போட்டு, அதற்குள் விழுந்ததைக் கூட்டுவதோடு நிறுத்தாதீர்கள். மாங்கனீசின் கே-பீட்டா 6.49, இரும்பின் கே-ஆல்ஃபா 6.40, மாங்கனீசு மிகுந்த இலையில் இல்லாத இரும்பு இருப்பதாகத் தெரியும். பொட்டாசியத்தின் கே-பீட்டா கால்சியத்தின் மேல் விழுவதும் இதே கதைதான். ஒவ்வொரு புள்ளியின் நிறமாலையையும் முழுமையாகப் பொருத்தினால்தான் இவை பிரியும். எண்ணாகச் சொல்ல வேண்டுமென்றால் என்.ஐ.எஸ்.டி. (அமெரிக்கத் தர நிறுவனம்) 1832, 1833 மெல்லேடுத் தரங்களை, அதாவது தனிம அளவு முன்பே தெரிந்த மெல்லிய படலங்களை, அதே அமைப்பில், அதே நாளில் ஓட்டி வைத்துக்கொள்ளுங்கள். அதோடு அதே மூட்டை நெல்லில் ஒரு கைப்பிடியை, கரைத்து மொத்த அளவைத் தரும் ஐசிபி-எம்எஸ் சோதனைக்கும் அனுப்புங்கள். மொத்த அளவு பொருந்தவில்லையானால் தடிமன் கணக்கைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.