ஐயாயிரம் டாலர் நிதியுதவியும் கொம்பு இடம் மாறிய சுவரொட்டியும்

அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில் ஒரு வாரம், குற்றங்களால் பாதிக்கப்பட்டோரின் உரிமைகளுக்கென்று ஒதுக்கப்படுகிறது. 1981இல் அதிபர் ரீகன் தொடங்கிவைத்த வழக்கம் அது. அந்த வாரத்தில் உள்ளூர் அமைப்புகள் நடத்தும் விழிப்புணர்வுப் பணிகளுக்கு ஐயாயிரம் டாலர் வரை தரும் ஒரு சிறு நிதியுதவித் திட்டம் உண்டு. நியூ ஜெர்சியின் எடிசன் வட்டாரத்தில் இயங்கும் எங்கள் தன்னார்வக் குழு, 2018ஆம் ஆண்டு வாரத்துக்காக, பெரிய அமைப்பு ஒன்றோடு சேர்ந்து இதற்கு விண்ணப்பித்தது. அண்மையில் வேறு மாநிலங்களைச் சேர்ந்த தமிழ்ச் சங்கத்தார் இருவர் இதைப் பற்றி அடுத்தடுத்து விசாரித்தார்கள். ஆகவே, கடையையோ உணவகத்தையோ மதிப்பிடுவதைப் போலவே இந்தச் சேவையையும் மதிப்பிட்டு எழுதிவைக்கிறேன். விதிகளும் தொகையும் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. நான் சொல்வது நாங்கள் கண்ட அளவில்தான்.

முதலில் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எங்கள் கூட்டங்களில் எழுந்த முதல் கேள்வியே அதுதான். 1984இல் இயற்றப்பட்ட, குற்றங்களால் பாதிக்கப்பட்டோருக்கான, சுருக்கமாக வோக்கா எனப்படும் சட்டத்தின் கீழ் அமைந்த நிதியத்திலிருந்து வருகிறது. அந்த நிதியத்தில் சேர்வது வரிப்பணம் அன்று. மத்திய நீதிமன்றங்களில் தண்டிக்கப்பட்டவர்கள் கட்டும் அபராதமும், பறிமுதலான ஜாமீன் தொகையும், பெருங்குற்றம் ஒன்றுக்குத் தனிநபர் நூறு டாலரும் நிறுவனம் நானூறு டாலரும் கட்ட வேண்டிய கட்டணமும் இதில் போய்ச் சேர்கின்றன. பெருநிறுவனங்கள் தண்டனை பெறாமல் பணம் கட்டி வழக்கை ஒத்திவைத்துக்கொள்ளும் உடன்படிக்கைகளுக்குள் போகத் தொடங்கியபோது அந்தத் தொகைகள் வேறு கணக்குக்குச் சென்றதால் நிதியம் வற்றியது. அவற்றையும் இங்கேயே கொண்டுவரும் திருத்தம் 2021 ஜூலையில்தான் சட்டமாயிற்று. நீதித்துறை அமைச்சகத்தின் பாதிக்கப்பட்டோர் அலுவலகம் பணத்தைக் கொடுக்க, மாநிலங்களின் வோக்கா நிர்வாகிகளுக்கான தேசியச் சங்கம் விண்ணப்பங்களை வாங்கிப் பரிசீலித்து இந்தத் திட்டத்தை நடத்துகிறது. குற்றவாளி கட்டிய பணத்தில் அச்சிட்ட சுவரொட்டி என்று விளக்கியபோது, அதுவரை தயங்கிய மளிகைக் கடைக்காரர் ஒருவர் சிரித்துவிட்டுக் கதவருகிலேயே இடம் கொடுத்தார்.

விண்ணப்பப் படிவம் நான் அஞ்சிய அளவுக்கு நீளமானது அன்று. மத்திய அரசின் பெரிய நிதிகளுக்கு விண்ணப்பித்துப் பழகியவர்களுக்கு இது விளையாட்டாகத் தோன்றும். என்ன செய்யப் போகிறீர்கள், யாரைச் சென்றடையப் போகிறீர்கள், யாரோடு சேர்ந்து செய்கிறீர்கள், அந்த ஆண்டின் கருப்பொருளை எப்படிப் பயன்படுத்துவீர்கள், எவ்வளவு செலவாகும் என்பவைதாம் அடிப்படைக் கேள்விகள். இவற்றுள் இரண்டாவது கேள்வியில்தான் நாங்கள் மூன்று வாரம் சிக்கிக் கிடந்தோம். முதல் வரைவில் “தெற்காசியச் சமூகம்” என்று எழுதியிருந்தோம். இத்தகைய விண்ணப்பங்களை மதிப்பிட்டுப் பழகிய தோழி ஒருவர் அதைப் படித்துவிட்டு, அந்தச் சொல்லுக்குள் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். ஓக் ட்ரீ சாலையில் காய்கறி வாங்க வரும் குஜராத்தி மூதாட்டியும், கணவரின் வேலை விசாவைச் சார்ந்து வந்து வங்கிக் கணக்குகூடத் தன் பெயரில் இல்லாத கோயம்புத்தூர்ப் பெண்ணும், நள்ளிரவில் பெட்ரோல் நிலையத்தில் துப்பாக்கி முனையில் கொள்ளையடிக்கப்பட்ட பஞ்சாபி இளைஞரும் ஒரே சுவரொட்டியைப் பார்த்து ஒரே செய்தியைப் பெற்றுக்கொள்வார்களா என்பது அவர் கேள்வி. பட்டியலைக் குறைத்து, சார்பு விசாவில் இருக்கும் பெண்களும் இரவுப்பணித் தொழிலாளர்களும் என்று இரண்டோடு நிறுத்திக்கொண்டோம். அவ்வாண்டின் கருப்பொருள், வட்டத்தை விரித்துப் பாதிக்கப்பட்ட அனைவரையும் எட்டுவது என்பதாக அமைந்தது எங்கள் நல்லூழ். இல்லாவிட்டால் அதைப் பொருத்துவதற்கு இன்னும் இரண்டு வாரம் போயிருக்கும்.

விழிப்புணர்வு என்றதும் இரக்கத்தைத் தூண்டும் படங்களைத் தேடுவது எங்கள் குழுவிலும் நடந்தது. பாதிக்கப்பட்டவருக்கு என்ன தேவை என்று உட்கார்ந்து எழுதியபோது இரக்கம் பட்டியலின் கடைசிக்குப் போய்விட்டது. கதவின் பூட்டை மாற்ற வேண்டும். மருத்துவமனைக் கட்டணம் கட்ட வேண்டும். வேலைக்குப் போகாத நாள்களின் கூலி வேண்டும். இறந்தவர் இருந்தால் ஈமச்செலவு வேண்டும். நீதிமன்றத்தில் அடுத்த தேதி எப்போது என்று யாராவது சொல்ல வேண்டும். கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில், தன்னைத் தாக்கிச் சிறைக்குப் போன முன்னாள் காதலன் வெளியே வந்துவிட்டான் என்பதை யாரும் தெரிவிக்காததால் 1993இல் ஓர் இளம்பெண் தன் பிறந்தநாளன்றே கொல்லப்பட்டாள். அடுத்த ஆண்டே அங்கு, கைதி விடுதலையாகும்போது பாதிக்கப்பட்டவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லும் ஏற்பாடு தொடங்கிப் பின்னர் நாடெங்கும் பரவியது. ஓர் அழைப்புதான் அவளுக்குத் தேவைப்பட்டிருந்தது. இதை நான் விண்ணப்பத்தில் எழுதவில்லை. ஆனால் எங்கள் சுவரொட்டியில் அழுகின்ற பெண்ணின் நிழற்படம் வேண்டாம் என்று முடிவெடுத்த கூட்டத்தில் இதைத்தான் சொன்னேன்.

படம் போனதும் சொற்களில் மாட்டிக்கொண்டோம். ஆங்கிலத்தில் விக்டிம் என்று ஒரே சொல்லால் முடித்துவிடுகிறார்கள். தமிழில் “பலியானவர்” என்றால் அவர் இறந்துவிட்டார் என்று பொருளாகிறது. “பாதிக்கப்பட்டவர்” என்றால் வெள்ளத்தால் பாதிக்கப்பட்டவரும் அதில் அடங்குகிறார். “இழப்பீடு” என்று எழுதினால், தாக்கியவன் கொடுக்கும் பணம் என்றே எங்களிடம் பேசிய அத்தனை பேரும் எடுத்துக்கொண்டார்கள். மாநில அரசின் இழப்பீட்டுத் திட்டம் அப்படிப்பட்டதன்று. 1965இல் கலிபோர்னியாவில் தொடங்கி இன்று எல்லா மாநிலங்களிலும் உள்ள இந்தத் திட்டங்கள், குற்றவாளி பிடிபட்டாலும் பிடிபடாவிட்டாலும், மருத்துவக் காப்பீடு போன்ற பிற வழிகளில் கிடைக்காத செலவை ஈடுசெய்பவை. கடைசியில் “உங்களைத் தாக்கியவர் பிடிபடாவிட்டாலும் மருத்துவச் செலவுக்கு மாநில உதவி கேட்கலாம்” என்று நீளமாகவே எழுதினோம். வடிவமைப்பாளருக்கு அதில் உடன்பாடில்லை. சுவரொட்டியில் ஆறு சொல்லுக்கு மேல் யாரும் படிக்க மாட்டார்கள் என்றார். மளிகைக் கடையில் பில் போடும் வரிசையில் நிற்பவர்கள் படிப்பார்கள் என்பது எங்கள் கட்சி. விசாவைப் பற்றிய அச்சத்துக்கும் ஒரு வரி தேவைப்பட்டது. குற்றத்துக்கு ஆளாகிப் புலனாய்வுக்கு உதவுவோருக்கென யூ விசா 2000ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வந்துவிட்டது. சிலவகைச் சார்பு விசாக்களில் இருந்து கொடுமைக்குள்ளாகும் துணைவியர் வேலை அனுமதி கேட்க 2005ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. இவை இருப்பதையே அறியாதவர்கள்தாம் நாங்கள் சந்தித்தவர்களில் பெரும்பாலோர்.

அச்சகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், இதே வழியில் போகிறவர்களுக்கு இது பயன்படும். விலை குறைவு என்று நாங்கள் தேர்ந்த அச்சகத்தில் இந்திய எழுத்துகளைக் கோக்கத் தெரியாத மென்பொருள் அமைப்பில் பக்கத்தைத் திறந்திருக்கிறார்கள். எகர, ஏகாரக் கொம்புகள் எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ள, “பெண்கள்”, “கேட்கலாம்” என்ற சொற்கள் சிதைந்து இருநூறு தாள்களில் அச்சாகிவிட்டன. தமிழ் தெரிந்த ஒருவரும் மெய்ப்பைப் பார்க்கவில்லை. அன்று போக வேண்டியவன் நான், அலுவலகத்தில் மாட்டிக்கொண்டேன். மறு அச்சுக்கான செலவை நாங்களே ஏற்றோம். தமிழில் அச்சிடுகிறவர்கள் எழுத்துகளைக் கோட்டுருவமாக மாற்றிய பிடிஎஃப் கோப்பைக் கொடுப்பதோடு, முதல் தாளைக் கண்ணால் பார்த்த பிறகே மற்றவற்றை அச்சிடச் சொல்ல வேண்டும்.

இந்தத் திட்டத்தில் எனக்குள்ள பெரிய மனத்தாங்கல் பணம் தரும் முறைதான். தொகை முன்பணமாக வராது. நாம் செலவு செய்து, வாரம் முடிந்த பின் ரசீதுகளோடு கணக்குக் காட்டினால், அங்கீகரிக்கப்பட்ட செலவினங்களுக்கு ஈடுசெய்கிறார்கள். அரசு வழக்கறிஞர் அலுவலகம், காவல் துறை, மருத்துவமனை போன்றவற்றுக்கு இது பொருட்டில்லை. வங்கிக் கணக்கில் ஆயிரத்துச் சொச்சம் டாலர் வைத்திருக்கும் தன்னார்வக் குழு நாலாயிரம் டாலரை எங்கிருந்து புரட்டும்? பொதுப்பணம் வீணாகாமல் இருக்க வேண்டும் என்ற நியாயம் எனக்குப் புரியாமலில்லை. ஆயினும் எட்டாதவர்களை எட்டுவதற்கான நிதி, அவர்களுக்கு மிக அருகில் இருக்கும் சிறு குழுக்களின் கைக்கு எட்டாத வடிவில் இருப்பது குறைதான். இதற்கு நாங்கள் கண்ட வழி, முன்கூட்டிச் செலவழிக்க வல்ல அமைப்பை முதன்மை விண்ணப்பதாரராக்கி, நாங்கள் கூட்டாளியாகச் சேர்ந்துகொண்டது. கூட்டுமுயற்சிக்கு மதிப்பீட்டில் வரவேற்பு இருப்பதால் அது விண்ணப்பத்துக்கும் வலுவாயிற்று. நியூ ஜெர்சியில் ஒவ்வொரு மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகத்திலும் பாதிக்கப்பட்டோர், சாட்சிகளுக்கான உதவிப் பிரிவு இருக்கிறது. தெற்காசியப் பெண்களுக்கென 1985இல் தொடங்கப்பட்ட மானவி போன்ற அமைப்புகளும் இங்கே உள்ளன. அத்தகைய ஒருவரோடு முதலில் பேசிவிட்டுப் படிவத்தைத் திறப்பது நல்லது.

உணவுக்கும், பெயர் அச்சிட்ட தேநீர்க் கோப்பை, சட்டை போன்ற அன்பளிப்புகளுக்கும் நீதித்துறை நிதியைச் செலவிட முடியாது. சிற்றுண்டி இல்லாமல் தமிழர்களைக் கூட்டுவது எப்படி என்று எங்கள் பொருளாளர் உண்மையாகவே கவலைப்பட்டார். கூட்டம் கூட்டாமல், கூட்டம் இருக்கும் இடத்துக்கே போவது என்று திட்டத்தை மாற்றினோம்: மளிகைக் கடைகள், சலவைக் கூடங்கள், பெட்ரோல் நிலையக் கழிப்பறைக் கதவுகள், தமிழ்ப் பள்ளி வாசல். இப்போது நினைத்தால் அந்த விதிக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது.

பாதிக்கப்பட்டோர் அலுவலகம் ஆண்டுதோறும் வெளியிடும் வழிகாட்டித் தொகுப்பு இலவசம். நிதியுதவி கிடைக்காதவர்களும் பயன்படுத்தலாம். கருப்பொருள் ஓவியங்கள், நகராட்சி வெளியிடத்தக்க பிரகடனத்தின் மாதிரி, பத்திரிகைச் செய்தியின் மாதிரி, குற்றவகை வாரியான தகவல் தாள்கள் எல்லாம் அதில் உண்டு. வன்முறைக் குற்றங்களில் பாதிக்கும் மேற்பட்டவை காவல் துறைக்குத் தெரிவிக்கப்படுவதே இல்லை என்று தேசியக் கணக்கெடுப்பு காட்டுவதை நாங்கள் அந்தத் தாள்களிலிருந்துதான் எடுத்தோம். தொகுப்பின் தரம் உயர்வானது. தமிழில் ஒன்றும் இல்லை, எதிர்பார்க்கவும் முடியாது. ஆகவே மொழிபெயர்ப்புக்கான தொகையை வரவு செலவுத் திட்டத்தில் தனி இனமாகக் காட்டிவிட வேண்டும். தன்னார்வலர் செய்துவிடுவார் என்று நாங்கள் அதைச் சுழியமாகக் காட்டியது தவறு. சுவரொட்டியை அச்சிட்ட நான்கு மொழிகளையும் சரிபார்க்க எட்டுப் பேரின் இரண்டு வார மாலைப்பொழுதுகள் போயின.

முன்கூட்டிச் செலவழிக்கும் வலு உள்ள, அல்லது அத்தகைய துணை உள்ள குழுக்களுக்கு இந்த நிதியுதவியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். தொகை சிறிது என்பதற்காக நான் எதையும் குறைக்கவில்லை, பணம் தரும் முறைக்காக ஒன்றும், ஒரே வாரத்துக்குள் அடக்கிவிடும் காலக்கெடுவுக்காக அரையும் குறைத்தேன். அறிவிப்பு இலையுதிர் காலத்தையொட்டி வருவதால், ஆகஸ்டிலேயே கூட்டாளியையும் மொழிபெயர்ப்பாளரையும் பேசி வைத்துக்கொள்வது உத்தமம்.

சுவரொட்டியின் கீழே, கிழித்துக்கொண்டு போகத்தக்க சிறு துண்டுகளில் உதவி எண்ணை அச்சிட்டிருந்தோம். வாரம் முடிந்து அவற்றைக் கழற்றப் போனபோது, கடை வாசல்களில் இருந்தவற்றில் ஓரிரு துண்டுகளே கிழிக்கப்பட்டிருந்தன. ஒரு பெட்ரோல் நிலையத்தின் கழிப்பறைக் கதவில், உட்புறத்தில் ஒட்டியிருந்த தாளில் ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை.